பிட்காயினின் எல்லைக்கோடு: காத்தது எது, கைவிட்டது எது?

பிட்காயின் உலகம் கண்ட சண்டைகளில் மிகக் கசப்பானது ஒரு சிறிய எண்ணைப் பற்றியது. ஒரு பிளாக்கின் அளவு ஒரு எம்பியை (மெகாபைட்டை) தாண்டலாமா, கூடாதா? 2015 முதல் 2017 வரை இந்தக் கேள்வி ஒன்றாக உழைத்தவர்களைப் பிரித்தது, நிறுவனங்களை அணி சேர்த்தது, முடிவில் நாணயத்தையே இரண்டாக உடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மென்பொருள் எழுதுபவர்களின் உள்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் பொதுவான பணம் ஒன்றின் செலவை யார் சுமப்பது என்பதே இதன் உள்ளே இருக்கும் கேள்வி. எல்லையைக் காத்தவர்கள் அடிப்படையில் சரியான முடிவையே எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த முடிவுக்கான விலையை மட்டும் அவர்கள் இன்றுவரை முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை.

எல்லை வந்த விதம்

பிட்காயினில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் உருவாகிறது. காத்திருக்கும் பரிவர்த்தனைகளில் ஒரு கட்டு அதில் பதிவாகிறது. ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரியாக 250 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு எம்பியில் 4,000 பரிவர்த்தனைகள் அடங்கும். நொடிக்கு ஏழுகூட முழுதாகத் தேறாது. விசா போன்ற அட்டை நிறுவனங்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் கையாளுகின்றன.

இந்த முறை பெரிதாக வளராது என்ற ஐயம் பிட்காயின் பிறக்கும் முன்பே எழுந்தது. 2008-இல் சதோஷி நகமோட்டோ தம் திட்டத்தை வெளியிட்டதும் வந்த முதல் எதிர்வினையே அதுதான். வலைப்பின்னல் வளர வளர, முழுக் கணக்கையும் வைத்திருக்கும் வேலை பெரிய சர்வர்களை நடத்தும் நிபுணர்களிடம் போய்ச் சேரும் என்பது சதோஷியின் பதில். 2010-இல் ஒரு எம்பி எல்லையை மென்பொருளில் சேர்த்தவரும் அவரே. விரிவான விளக்கம் எதுவும் அவர் தரவில்லை. நாணயத்துக்குப் பெரிய விலை இல்லாத அந்த நாட்களில் யாரும் குப்பையைக் கொட்டி வலைப்பின்னலை முடக்கிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு என்றே பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பிற்பாடு தேவைப்படும்போது குறிப்பிட்ட பிளாக் எண் முதல் எல்லையை உயர்த்திக்கொள்ளலாம் என்று வழியையும் சொன்னார். சில மாதங்களில் பொதுவெளியிலிருந்து மறைந்துபோனார். தற்காலிகமாக வைத்த வேலி, வைத்தவர் போன பிறகு யாரும் தொடத் துணியாத மதிலாயிற்று.

உயர்த்தச் சொன்னவர்களின் நியாயம்

2015-இல் பிளாக்குகள் நிரம்பத் தொடங்கின. சதோஷிக்குப் பின் திட்டத்தை நடத்திய கேவின் ஆண்ட்ரெசன், எல்லையை 8 எம்பியாக உயர்த்தி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, 8 ஜிபி வரை கொண்டுபோகலாம் என்றார். சக மென்பொருளாளர் மைக் ஹெர்னுடன் சேர்ந்து ‘பிட்காயின் எக்ஸ்டி’ என்ற மென்பொருளில் அதைச் சேர்த்தார். ஆதரவு போதவில்லை. 2016 ஜனவரியில் ஹெர்ன், பிட்காயின் தோற்றுவிட்டது என்று எழுதிவிட்டு விலகினார்.

அவர்களின் கவலை வீண் கவலை இல்லை. 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் பிட்காயின் வாங்குவதை அந்த மாதமே நிறுத்தியது. இருபது டாலர் விளையாட்டுக்கு இருபது டாலர் கட்டணம் கொடுத்து யார் வாங்குவார்கள்? வங்கியில்லாத ஏழைக்கும் பணம் அனுப்ப வழி செய்வோம் என்று புறப்பட்ட ஒரு முறை, ஏழையால் தொட முடியாத விலைக்குப் போனது. 2024 ஏப்ரலில் மைனிங் வெகுமதி (புதிய பிளாக்கை உருவாக்குபவருக்குக் கிடைக்கும் பிட்காயின்) பாதியான நாளில் சராசரிக் கட்டணம் 100 டாலரையும் தாண்டியது.

காத்தவர்களின் நியாயம்

இவர்களின் வாதம் ஒரே கருத்தில் நிற்கிறது. பிட்காயினில் நம்பகமானவர் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணினியில் நோடு ஒன்றை இயக்கி, முதல் பிளாக் தொடங்கி எல்லாக் கணக்கையும் தாமே சரிபார்க்கலாம். அந்த உரிமை வீட்டுக் கணினிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்வரைதான் இது பொதுப் பணம்.

ஒரு எம்பி எல்லையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 52 ஜிபி சேரும். ஆண்ட்ரெசன் திட்டத்தின் உச்சமான 8 ஜிபி பிளாக் என்றால், ஒரே நாளில் 1,100 ஜிபிக்கு மேல் சேரும். சேமித்து வைப்பதைவிடப் பெரிய சிக்கல் பரப்புவது. புதிய பிளாக் உலகமெங்கும் போய்ச் சேரத் தாமதமானால், அதை முதலில் பெறும் பெரிய மைனிங் கூட்டங்களுக்கு அடுத்த பிளாக்கைத் தேடுவதில் முன்னிலை கிடைக்கும். சிறியவர்கள் காலப்போக்கில் களத்தை விட்டுப் போவார்கள். 2016-இல் கார்னெல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பத்து நிமிட இடைவெளியில் அன்றைய வலைப்பின்னல் தாங்கக்கூடியது 4 எம்பி வரைதான் என்று கணித்தார்கள். மொத்த அளவைப் போலவே உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 2015 ஜூலையில் ஒரே பரிவர்த்தனையே கிட்டத்தட்ட ஒரு எம்பியை அடைத்துக்கொண்டு வந்தபோது, அந்த ஒரு பிளாக்கைச் சரிபார்க்கச் சாதாரணக் கணினிகளுக்குப் பல நொடிகள் பிடித்தன.

இந்த வாதத்தின் வலிமை 2017-இல் வெளிப்பட்டது. அந்த மே மாதம் நியூயார்க்கில் 22 நாடுகளின் 58 நிறுவனங்கள் ஓர் உடன்பாடு செய்தன. மைனிங் ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் பக்கம் இருந்தது. பரிவர்த்தனையின் கையொப்பப் பகுதியைப் பிரித்து வைக்கும் ‘செக்விட்’ மாற்றத்தை ஏற்பது, பிறகு எல்லையை 2 எம்பி ஆக்குவது என்பது திட்டம். முதல் பாதி ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பாதியைத் தங்கள் நோடுகளில் ஏற்க மாட்டோம் என்று பயனர்கள் உறுதியாக நின்றார்கள். நவம்பர் 8 அன்று திட்டம் கைவிடப்பட்டது. பணமும் இயந்திரங்களும் ஒரு பக்கம் குவிந்திருந்தும், வீட்டில் நோடு வைத்திருந்தவர்களின் மறுப்பு வென்றது. சரிபார்க்கும் உரிமைதான் அதிகாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

செக்விட் நல்ல பொறியியலும்கூட. பழைய மென்பொருளை முறிக்காமலேயே பிளாக்கின் கொள்ளளவைக் கூட்டியது. 40 லட்சம் அலகு எடை என்ற புதிய கணக்கில் வழக்கமான பிளாக் இப்போது ஒன்றரை முதல் இரண்டு எம்பி வரை வருகிறது. ஆக, எல்லை உயரவே இல்லை என்பதும் சரியில்லை.

பிரிந்து போனவர்கள் காட்டிய பாடம்

உயர்த்தியே தீர வேண்டும் என்றவர்கள் 2017 ஆகஸ்ட் 1 அன்று ‘பிட்காயின் கேஷ்’ என்று பிரிந்தார்கள். 8 எம்பியில் தொடங்கி, அடுத்த ஆண்டே 32 எம்பிக்குப் போனார்கள். இடம் தாராளமாக இருந்தது, கூட்டம் வரவில்லை. அதன் பிளாக்குகளில் பெரும்பாலானவை ஒரு எம்பியைக்கூட எட்டுவதில்லை. 2018 நவம்பரில் அதிலிருந்தும் பிரிந்த ‘பிட்காயின் எஸ்வி’ இன்னும் பெரிய பிளாக்குகளை நாடியது. 2021-இல் அது பெரும்பான்மை ஆற்றல் தாக்குதலுக்கு ஆளாகி, பதிவான பிளாக்குகளே மாற்றி எழுதப்பட்டன. கொள்ளளவு மட்டும் பயன்பாட்டையோ பாதுகாப்பையோ கொண்டுவந்துவிடாது.

இரண்டாம் அடுக்கு என்ற பதில்

எல்லையைக் காத்தவர்கள் முன்வைத்த மாற்று, ‘லைட்னிங்’ என்ற இரண்டாம் அடுக்கு. அண்ணாச்சி கடையில் மாதக் கணக்கு வைப்பதுபோல, இருவர் தங்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுத்து வாங்கி, கடைசி நிலுவையை மட்டும் பிளாக்செயினில் எழுதலாம். கடனுக்குப் பதில் முன்பணம் கட்டி வைப்பதால் ஏமாற்றுவது கடினம். கட்டணமோ மிகக் குறைவு. பணம் நொடிகளில் போய்ச் சேருகிறது. இதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

குறை எங்கே என்றால், அந்தக் கணக்கைத் திறக்கவும் மூடவும் முதல் அடுக்கில் இடம் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பரிவர்த்தனை என்று வைத்தால், உலகின் 800 கோடிப் பேரும் ஆளுக்கு ஒரே ஒரு முறை கணக்குத் திறக்க 43 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லைட்னிங் திட்டத்தை எழுதிய ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவுமே, உலக மக்கள் அனைவருக்கும் அது எட்ட வேண்டுமானால் 133 எம்பி பிளாக் தேவைப்படும் என்று தங்கள் கட்டுரையில் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டாம் அடுக்கைக் காட்டி முதல் அடுக்கின் கேள்வியை மூடிவிட்டவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சின்னத் தொகை வைத்திருப்பவர், தம் பணத்தை ஒரு நிறுவனத்தின் செயலியில் ஒப்படைத்துவிட்டு அதற்குள்ளேயே அனுப்பி வாங்குகிறார். 2021-இல் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கிய எல் சால்வடாரில்கூட, மக்கள் கையில் கிடைத்தது அரசே பணத்தை வைத்திருக்கும் சீவோ செயலிதான். 2025 ஜனவரியில் கடைகள் பிட்காயினை ஏற்றே ஆக வேண்டும் என்ற விதியையும் அந்த நாடு நீக்கியது. இடைத்தரகர் வேண்டாம் என்று தொடங்கிய முறையில் ஏழைக்கு இடைத்தரகரும், வசதியுள்ளவருக்கு மட்டும் சொந்தப் பெட்டகமும் என்று ஆகிவிட்டது. எல்லையின் விலை என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லையைக் காத்தவர்களின் இன்னொரு வாதமும் பலவீனமானது. மைனிங் வெகுமதி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 50 பிட்காயினில் தொடங்கியது இப்போது 3.125. வருங்காலத்தில் கட்டணங்கள்தான் வலைப்பின்னலைக் காக்க வேண்டும், அதற்கு இடம் நெருக்கடியாகவே இருக்கட்டும் என்கிறார்கள். ஆனால் கட்டணம் ஒரு நாள் 100 டாலர், இன்னொரு காலத்தில் சில காசுகள் என்று ஊசலாடுகிறது. நெருக்கடி விலையை ஏற்றுகிறது. நிலையான வருமானத்தைத் தருவதில்லை. நிலையான வருமானம் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களிடமிருந்துதான் வரும். அவர்களைத் துரத்திவிட்டு அந்த வருமானத்தை எதிர்பார்க்க முடியாது.

2023 முதல் படங்களையும் டோக்கன்களையும் பிளாக்குகளில் எழுதும் வழக்கம் வந்ததும், ஒவ்வொரு நோடும் வைத்திருக்க வேண்டிய ‘செலவாகாத நாணயங்களின் பட்டியல்’ சுமார் இரு மடங்காக வீங்கியது. எம்பி எல்லை அப்படியே இருக்க, நோடின் சுமை மட்டும் ஏறியது. அளவு எல்லை ஒன்றே பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இதில் ஆட்டம் கண்டது.

தீர்ப்பு

எல்லை வேண்டும். 2017-இல் அதைத் தகர்க்காமல் விட்டது பிட்காயினைக் காப்பாற்றியது. ஆனால் எல்லை எதற்காகக் காக்கப்பட்டதோ அந்த நோக்கம்தான் முக்கியம். எண் புனிதமானது இல்லை. சாதாரண வீட்டுக் கணினியாலும் இணைய இணைப்பாலும் நியாயமான கால அளவுக்குள் முழுக் கணக்கைச் சரிபார்க்க முடிகிறதா என்பதை அளவுகோலாக வைக்கலாம். அந்த அளவுகோல் இடம் கொடுக்கும்போது, பல ஆண்டுகள் முன்னறிவித்து, சிறிது சிறிதாக உயர்த்துவதில் கொள்கைத் துரோகம் ஏதும் இல்லை. நோடின் சுமையைப் பெருக்கும் பயன்பாடுகளுக்கு அதற்கேற்ற விலை வைப்பதும் அதே அளவுகோலின் கீழ் வரும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நொடிக்குப் பல்லாயிரம் பரிவர்த்தனை என்று விளம்பரம் செய்யும் பிளாக்செயின்கள் பெருகி வருகின்றன. அவற்றில் ஒன்றான சோலானா 2024 பிப்ரவரியில் சுமார் ஐந்து மணி நேரம் நின்றே போனது. எந்த நாணயத்தில் பணம் போடுவதற்கு முன்பும் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். இதன் கணக்கை என்னால் என் கணினியில் சரிபார்க்க முடியுமா, என் பணத்தை யாருடைய அனுமதியும் இல்லாமல் என்னால் கட்டக்கூடிய கட்டணத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராத எதையும் பொதுப் பணம் என்று ஏற்காதீர்கள்.