ஆந்தைக் கோட்டையில் சில நாட்கள்

மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் கிரோன்' (1946) என்னும் ஆங்கிலப் புதினத்தை நம் வாசகர் வட்டம் எடுத்துக்கொண்டபோது, நூறு பக்கம் கடக்குமுன் பாதிப்பேர் நூலை மூடிவிட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கதைத்தலைவன் அப்போதுதான் பிறந்த குழந்தை. நூல் முடியும்போதும் அவனுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை!

மாயப் புனைவு என்கிறார்கள். ஆயினும் இதில் மந்திரவாதியும் இல்லை, பூதமும் இல்லை. பொருள் மறந்துபோன சடங்குகளே கார்மென்காஸ்ட் கோட்டையை ஆள்கின்றன. ஏட்டைப் பார்த்து அன்றன்றைய கடமையை விதிக்க ஓர் அதிகாரி. அவ்வண்ணமே செய்ய ஒரு பிரபு. விரைந்தோடும் நடை இந்த மூச்சுத்திணறலைத் தந்திராது என்பது நம் கருத்து.

வாதம் மூண்டது ஸ்டியர்பைக்கைப் பற்றித்தான். மடைப்பள்ளியிலிருந்து தப்பி, அறிவொன்றையே துணையாகக் கொண்டு மேலேறும் பதினேழு வயதினன். இளைஞர்கள் அவன் பக்கம் நின்றனர், நாமும் நின்றோம். பின்னர் அவன் சூழ்ச்சியால் பிரபுவின் நூலகம் எரிகிறது. நூல்களை இழந்த பிரபு சித்தம் கலங்கி, தம்மையே ஆந்தையென எண்ணி, ஆந்தைகளுக்கே இரையாகிறார். அப்பக்கங்களைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கொடுமையினால் மட்டுமன்று, அவன் வெல்லவேண்டுமென விரும்பியிருந்தோமே!

'இவ்வளவு இருள் எதற்கு?' என வினவினார் மூத்த உறுப்பினர் ஒருவர். 1945இல் பெல்சன் வதைமுகாமை ஓவியராகச் சென்று நேரிற் கண்டவர் பீக். அதனையே விடையாக்குவது எளிது. ஆனால் முதல் நூலின் பெரும்பகுதி அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பெரியவரின் வினா அப்படியே நிற்கிறது.

1959இல் வெளிவந்த மூன்றாம் நூல், ஆசிரியரின் நோயினால் தளர்ந்துள்ளது. அது பிறகு ஆகட்டும். நூலை மூடிவைத்தவர்கள் மடைப்பள்ளிக் காட்சியிலிருந்து மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம்.