இல்லாத நாடும் நம் பிள்ளைகளும்

நல்ல நாடு எப்படி இருக்க வேண்டும் என்னும் கேள்வியை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் முதன்முதலாக எழுப்புவது கவிதைதான். பசியில்லாத ஊரையும் பகையில்லாத நாட்டையும் அவர்கள் பாட்டில்தான் சந்திக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டுக்குள் அவர்களை நாம் அழைத்துச் செல்கிறோமா? அருஞ்சொற்பொருள் எழுதச் சொல்கிறோம். அணியின் பெயரைக் கேட்கிறோம். மனப்பாடத்துக்கு மதிப்பெண் இடுகிறோம். கவிஞன் கண்ட கனவு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்பாட்டுகளை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றி இங்கே சிறிது பேச விரும்புகிறோம்.

1516ஆம் ஆண்டில் தாமஸ் மோர் என்னும் ஆங்கிலேயர் இலத்தீன் மொழியில் ஓர் இலட்சியத் தீவைப் படைத்து, அதற்கு ‘யுட்டோப்பியா’ என்று பெயர் சூட்டினார். ‘எங்கும் இல்லாத இடம்’ என்பது அதன் பொருள். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, பத்தாம் நூற்றாண்டில், அறிஞர் அல்ஃபராபி சிறந்த நகரத்தைப் பற்றி அரபியில் ஒரு நூல் செய்தார். உறுப்புகள் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் நலமான உடலைப் போன்றது அந்நகரம் என்றார் அவர். எனவே, இதை மேலைநாட்டாரின் தனிச்சொத்து என்று கருத வேண்டியதில்லை. நம் காப்பியங்களின் நாட்டுப்படலங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

விருத்தாசலத்து வகுப்பறை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரும் மணிமுத்தாறும் ஒருபுறம்; செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகள் மறுபுறம். அகல்விளக்கும் பொம்மையும் மின்சாதனப் பீங்கானும் அவ்வூர்த் தொழிலாளரின் கையால் உருப்பெறுகின்றன. தந்தை களிமண் கூழை அச்சில் ஊற்ற, தாய் காய்ந்த பொம்மையின் பிசிறை நீக்க, மாலையில் வீடு திரும்பும் அவர்களுடைய கைகளை நாள்தோறும் பார்க்கும் பிள்ளை அந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது. அதன் முன் கம்பரின் கோசல நாட்டை விரிக்கிறோம். அந்நாட்டில் வறுமை இல்லாததால் கொடைக்கு வேலையில்லை. பொய் இல்லாததால் மெய்யைத் தனியே புகழத் தேவையில்லை. ‘எத்துணைச் சிறந்த நாடு!’ என்று ஆசிரியர் வியந்து பாடத்தை முடித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன?

இங்கேதான் கற்பிக்கும் முறை பிழைபடுகிறது என்போம். கம்பர் ‘இல்லை’ என்று பாடிய ஒவ்வொன்றும் உலகில் இருப்பது. வறுமையைக் கண்டிராத கவிஞனுக்கு வறுமையில்லாத நாட்டைப் பாடத் தோன்றுமா? அந்தப் புகழ்ச்சியைத் திருப்பிப் பிடித்தால் அதுவே குறைகளின் பட்டியலாகிவிடும். ‘உன் ஊரில் எது இல்லாமற்போக வேண்டும்?’ என்று பிள்ளையைக் கேளுங்கள். கோசல நாடு அப்போது அதன் தெருவுக்கே வந்துவிடும்.

நம் உமறுப்புலவரையும் இவ்வாறே படிக்க வேண்டும். சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டின்மேல் மேகம் திரண்டு மழை பொழிகிறது. வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது. உழவர் நெல் விளைக்கின்றனர். பாலை நிலத்தில் நெல்வயல் ஏது என்று கேட்டுக் குறை கூறுவார் உண்டு. அவர்கள் கவிதையில் நிலநூலைத் தேடுகிறார்கள் என்றே சொல்வோம். நபிகள் நாயகம் பிறந்த மண் எல்லா வளமும் பெற்றிருக்க வேண்டும் என்று விரும்பிய தமிழ்ப்புலவருக்கு, வளம் என்றால் மழையும் நெல்லும்தான். எட்டயபுரத்தின் கரிசல் வெயிலை அறிந்தவர் அவர். இந்தக் காப்பியத்தை ஆதரித்த வள்ளல்களுள் ஒருவரான அபுல் காசிம் மரைக்காயர் பறங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். விருத்தாசலம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்து ஊர் அது. நம் இல்லங்களில் சீறா ஓதக் கேட்டு வளரும் பிள்ளைகள், தம் முன்னோர் கண்ட இலட்சிய நாடு இது என்பதையும் அறிய வேண்டாவா?

பாரதியாரின் ‘காணி நிலம்’ 2018இல் வெளிவந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய ஆசை அது: சிறிது நிலம், ஒரு வீடு, தென்னை நிழல், நிலவொளி. ஆனால் அந்தப் பாட்டை முழுதும் படித்தால், தனக்கென்று கேட்கத் தொடங்கிய கவிஞர் முடிவில் தம் பாட்டால் உலகையே காக்கும் ஆற்றலைக் கேட்பது தெரியும். வீட்டிலிருந்து வையம்வரை நீளும் அந்த ஆசையை எடுத்துக்காட்டாத பாடம், பாதிப் பாட்டை மறைத்த பாடமாகும்.

இனித் திரைப்பாடலுக்கு வருவோம். முகம் சுளிக்க வேண்டாம். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்திற்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய உரையாடற் பாடல் ஒன்று உண்டு. வரப்பே தெரியாதபடி விளைந்து நிற்கும் வயலை ஆண் வியக்கிறான். விளைந்ததனால் நமக்கு என்ன மிஞ்சிற்று என்று பெண் கேட்கிறாள். காலம் வரும் என்று முதலில் அவளைத் தேற்றுகிறான். அவள் விடுவதாயில்லை, மேலும் கேட்கிறாள். முடிவில் அவன் சட்டத்தையும் திட்டத்தையும் பற்றிப் பேசவேண்டி வருகிறது. காப்பியம் முடிந்துபோன நாட்டைக் காட்டுகிறது. இந்தப் பாட்டோ நாடு எப்படி உண்டாகும் என்று கேட்கிறது. இருபத்தொன்பது வயதில், 1959இல், மறைந்த அந்தக் கவிஞரின் பாட்டை முதலில் பாடவைத்து, அதன்பின் கோசல நாட்டைப் படிக்கச் செய்தால், நெல் விளைந்தது என்னும் செய்யுளைக் கண்டவுடனே ‘யாருக்கு விளைந்தது?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். உரையாசிரியர் எழுதாத உரை அது.

பொன்னுலகங்கள் அனைத்தையும் இந்தக் கேள்வியால் சோதிக்கலாம். மோர் படைத்த தீவில் மக்கள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைக்கிறார்கள். ஆனால் அங்கே அடிமைகளும் இருக்கிறார்கள்! அவர் மறந்ததை அல்லது மறைத்ததை ஏழாம் வகுப்புப் பிள்ளை கண்டுகொள்ளும். வங்கத்து முஸ்லிம் எழுத்தாளர் ருக்கையா சகாவத் உசேன் 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதையை எழுதினார். அதை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு மாதர் இதழ். அக்கதை நாட்டில் பெண்கள் ஆட்சி செய்கிறார்கள்; கதிரவன் வெப்பத்தால் அடுப்பு எரிகிறது; ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். கேலியாக எழுதியது போலத் தோன்றினும், இலட்சிய நாடுகளில் பெண் எங்கே இருந்தாள் என்னும் கேள்வி அதனுள் இருக்கிறது. கனவு கண்டதோடு அவர் நிற்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்கென்று பள்ளி நடத்தத் தொடங்கினார்.

‘இப்படிக் கற்பித்தால் பிள்ளைகள் இருப்பதில் மனநிறைவு கொள்ளமாட்டார்களே’ என்று பெற்றோர் சிலர் அஞ்சக்கூடும். அந்த அச்சம் புரிகிறது. சூளைக் கூலியை நம்பிய குடும்பத்தில் ஆசையும் செலவுதான். ஆயினும், நல்ல நாட்டைப் பற்றிய கனவை மறைத்து வைப்பதால் பிள்ளைக்கு மனநிறைவு வருவதில்லை. இதுதான் விதி என்னும் சோர்வே வரும். சோர்வைப் பொறுமை என்று பெயர் மாற்றி அழைப்பது தகாது.

விருத்தாசலத்துப் பிள்ளைக்கு இதை விளக்க அதன் பெற்றோரின் தொழிலே போதும். ஈரக்களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மீண்டும் சுருங்கும். ஆகவே பொம்மையின் அளவுக்கே அச்சுச் செய்வதில்லை. அதைவிடப் பெரிதாகச் செய்வார்கள். கவிஞர்களின் பொன்னுலகமும் அத்தகைய அச்சுத்தான். வாழ்க்கை என்னும் நெருப்பில் அது சுருங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே பெரிதாகச் செய்தார்கள். அச்சையே சிறிதாக்கிக்கொண்டால் வெளிவருவது எதற்கு உதவும்?

இன்றிரவு உங்கள் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை விரிக்கும்போது, பொருள் தெரியுமா என்று கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த நாட்டில் நம் வீடு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். விடை சொல்லப் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள்.