நீர் ஏறிய பிறகு

அணை கட்டுவதை நாம் பழித்ததில்லை. இனியும் பழிக்கப் போவதில்லை. வறண்ட வயலுக்கு நீரும் இருண்ட வீட்டுக்கு ஒளியும் வேண்டும் என்று எழுதிவந்த அணியைச் சேர்ந்தவர்கள் நாம். ஆனால் அணைக்குப் பின்னால் நீர் ஏறும்போது மூழ்குவன எவையெவை என்று எண்ணுவதும் நமது கடமையே. அந்தக் கணக்கில் அதிகாரிகள் மட்டுமல்ல, நாமும் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டோம்.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் கிடக்கும் பிரதேசம் லக்கல. படிப்படியாக வெட்டிய நெல்வயலும், சேனைப் பயிரும், மிளகும் ஏலமும் கொண்டு வாழ்ந்த சிங்கள விவசாயிகளின் பழைய ஊர்கள் அங்கே இருந்தன. ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி உழைத்து, அந்த உழைப்பை உழைப்பாலேயே பெற்றுக்கொள்ளும் 'அத்தம்' என்னும் கைமாற்று வழக்கம் சிங்களக் கிராமங்களின் பழஞ்செல்வம். 2018இல் களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. பல்லேகமவின் பழைய பட்டினம் நீருக்கடியில் போயிற்று. அந்த நீர் சுரங்கவழியே மொரகஹகந்தத் தேக்கத்தோடு இணைந்து வறண்ட நிலங்களை நோக்கிச் செல்கிறது. ஊரார் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். புதிய லக்கல நகரம் எழுந்தது. அகன்ற வீதி, பாடசாலை, ஆஸ்பத்திரி, அலுவலகம் யாவும் வந்தன. இவற்றை இல்லையென்பது நேர்மையாகாது.

மகாவலித் திட்டம் என்றதும் தமிழ் வாசகருக்குக் குடியேற்ற அரசியலே நினைவுக்கு வரும். அது நியாயமான நினைவு. ஆனால் தன் ஊரை நீருக்குக் கொடுத்துவிட்டு லொறியில் ஏறிய லக்கலச் சிறுவன் அந்த அரசியலை வகுத்தவனல்லன். அவன் துயரத்தைப் பேச நமக்குத் தயக்கம் எதற்கு?

கட்டாயமாக இடம்பெயர்க்கப்படுவோருக்குத் தாமதமின்றி முழு நட்டஈடு தரவேண்டும், அவர்தம் வாழ்வு மேம்பட வேண்டும் என்று 2001இல் இலங்கை அரசே கொள்கை வகுத்தது. நல்லது. மூழ்கிய தென்னைக்கும் பலாவுக்கும் விலை குறிக்கலாம். ஆனால் குடித்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சி ஓடிய பிள்ளை ஒதுங்கிநின்ற அடுத்த வீட்டுத் திண்ணைக்கு விலை என்ன? மகப்பேற்றுக்குப் பின் காரணமின்றி அழும் இளந்தாயின் அருகே வந்து அமர்ந்த கிழவிக்கு எந்த மதிப்பீட்டாளர் விலை எழுதுவார்? எந்த மருத்துவ நூலும் பெயரிடாத உளநல நிலையங்கள் இவை. ஊர் சிதறும்போது முதலில் மூடப்படுவனவும் இவையே.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஆபிரிக்காவின் கரிபா அணையால் பெயர்க்கப்பட்ட தொங்கா மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தவர் தாயர் ஸ்கடர். மகாவலிக் குடியேற்றங்களையும் ஆராய்ந்தவர். பெயர்க்கப்பட்ட மக்களை உடல், மனம், சமூகம் ஆகிய மூன்று முனைகளிலும் ஒரே வேளையில் நெருக்கடி தாக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. இலங்கையில் பெருகிய தற்கொலைகளை 1985இல் ஆராய்ந்த கியர்னி, மில்லர் என்ற இருவரும், உள்நாட்டு இடப்பெயர்ச்சியும் புதுக் குடியேற்றமும் மிகுந்த மாவட்டங்களைச் சுட்டிக்காட்டினர். 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற கொடிய உயரத்தைத் தொட்ட அவ்விகிதம், நச்சுமிக்க பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் மூன்றிலொன்றாகக் குறைந்தது. சமுதாயம் எடுத்த முடிவு உயிர்களைக் காத்தது. ஆகவே அச்சாவுகள் தலைவிதியுமல்ல, தனிமனிதக் கோழைத்தனமுமல்ல. எனினும் தடை சாவைத்தான் தள்ளியது, துயரத்தை ஆற்றவில்லை.

நமது இலக்கியம் இங்கே என்ன செய்தது? வைகை அணையில் மூழ்கிய ஊர்களைக் 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தில் வைரமுத்து எழுதினார். 2003இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது அந்நாவல். பேயத்தேவர் என்ற கிழவரின் மண்பற்று அதில் காவியமாகிறது. அந்தப் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் ஊரோடும் கிழவரோடும் இதிகாசம் முடிகிறது. பேரன் மொக்கராசு போன்ற பிள்ளைகளுக்கோ கதை அங்கேதான் தொடங்குகிறது! புதுப் பள்ளியில் பின்வாங்கில் பேசாமல் அமர்ந்திருக்கும் அப்பிள்ளையை எழுதுவார் யார்? மூழ்கும் ஊர் அழகிய துயரம். அதற்குப் பின்வரும் பத்தாண்டுகள் அழகற்றவை. நமது எழுத்தாளர் அழகிய துயரத்தோடு நின்றுவிடுகின்றனர்.

குற்றம் எழுத்தாளருடையது மட்டுமன்று. மனநோவைப் பேசுவது வசதிபடைத்தோரின் ஆடம்பரம் என்று முற்போக்காளராகிய நாமே ஒதுக்கினோம். சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதனின் தலைக்குள் தேடும் உளவியலை எதிர்த்தது சரியே. ஆனால் பதரைத் தூற்றும்போது நெல்லையும் தூற்றிவிட்டோம். கூலியும் நிலமும் கேட்ட நாம், பிள்ளையின் உறக்கத்தைக் கேட்கவில்லை. சமுதாய மருத்துவப் பேராசிரியராகவும் 'மலைக்கொழுந்து' நாவலின் ஆசிரியராகவும் விளங்கிய நந்தி நம்மிடையே இருந்தும், அந்த இரு துறைகளின் உறவை நாம் கற்றுக்கொள்ளவில்லை.

வழி தெரியாமலுமில்லை. போர் நடுவே, 1996இல் மட்டக்களப்பில் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை அமைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே களிமண் பிசைந்தனர், வரைந்தனர், கதை புனைந்து நடித்தனர். காயம் தனிமனிதனுக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கே ஏற்படுகிறது என்று யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எடுத்துரைத்தார். 2005ஆம் ஆண்டின் உளநலக் கொள்கையும், பெரிய ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள்ளிருந்து சேவையை ஊர்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றே கூறிற்று.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. அணைக்கான மதிப்பீட்டிலேயே மக்களின் உளநலத்துக்கும் பணம் ஒதுக்கப்படட்டும்; அது திறப்பு விழாவோடு நின்றுவிடாமல், பெயர்ந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடரட்டும். அயலவராய் வாழ்ந்தோர் அயலவராகவே குடியமர்த்தப்படட்டும். வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாது குழந்தையின் எடையோடு தாயின் மனத்தையும் விசாரிக்க நேரம் பெறட்டும். ஆசிரியருக்குப் பயிற்சியும் குறைந்த பாடவேளையும் தரப்படட்டும். சம்பளமில்லா வைத்தியராக அவரை ஆக்குவது தீர்வாகாது. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களத்திலும், அதே மாத்தளையின் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழிலும் ஆறுதல் கிடைக்கட்டும்.

கோடை கடுமையாகும் ஆண்டுகளில் நீர்த்தேக்கங்களின் மட்டம் இறங்கும். மூழ்கிய ஊர்களின் சுவர்கள் தலைகாட்டும். பார்க்கப் போவோர் படம் எடுத்துத் திரும்புவர். மூழ்கிய பிள்ளை மனங்கள் தாமாகத் தலைகாட்டுவதில்லை. அவற்றைத் தேடிச் செல்ல வேண்டியவர்கள் வகுப்பறையில் நிற்கும் நாமே.