அரை மணி நேர ஓட்டத்தில் எவ்வளவு நிரம்பும்?

இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்றுதான். கார் டேஷ்கேமுக்கான பேட்டரி பேக்குகளைச் சோதித்து ஒப்பிடுபவர்களும் அதே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். பேக்கை முழுதாகச் சார்ஜ் செய்து, கேமராவை மாட்டி, அது அணையும்வரை கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அதிக நேரம் ஓடியது வெல்கிறது. இந்தச் சோதனைமுறையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் காரைத் தெருவில் நிறுத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு அது பாதி விடையைத்தான் தருகிறது. விடுபட்ட பாதிதான் எங்களுக்கு அதிகம் வேண்டியது.

இந்தப் பேக் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். வண்டி நிற்கும்போதும் டேஷ்கேம் விழித்திருக்க ஒரு வசதி உண்டு, பார்க்கிங் மோடு என்பார்கள். கதவில் கீறிவிட்டுப் போகிறவர், பின்னால் இடித்துவிட்டு நிற்காமல் நழுவுகிறவர், எல்லோரும் வருவது நாம் உறங்கும் நேரத்தில்தான். நல்ல கேமராக்கள் பலவற்றில் உள்ளே பேட்டரி இருக்காது. வெயிலில் உப்பிப்போகும் என்பதால் அதற்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். அது கடைசிக் கோப்பைச் சேமித்து முடிக்கும் அளவுக்குத்தான் தாங்கும். எனவே இரவு முழுக்க மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். ஒன்று, காரின் சொந்த பேட்டரி; இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு பேக்.

மணிக்கணக்குச் சோதனையின் பெரிய நன்மை, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை அது கேள்வி கேட்கிறது. பவர் பேங்க் ஒன்றில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். டேஷ்கேமுக்கென்றே கொரியாவில் உருவான பிளாக்வியூ பி-124 பேக்கில் 6,000 என்றுதான் இருக்கும். முதல் பார்வைக்கு மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் பவர் பேங்கின் எண் உள்ளேயிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது, பெருக்கினால் 74 வாட்-மணி. பி-124 இயங்குவது 12.8 வோல்ட்டில், அது 76.8 வாட்-மணி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பாத்திரம். பவர் பேங்க் தன் வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுப்பதில் இன்னும் கொஞ்சம் இழக்கும். இந்த உண்மையை விளம்பரம் சொல்லாது. இரண்டையும் ஒரே கேமராவில் மாட்டி ஓடவிட்டவர் சொல்லிவிடுவார். பொய் எண் அச்சிட்ட மலிவுச் சரக்குகளையும் அவர்தான் அம்பலப்படுத்துகிறார். ஒரு கேமராவும் ஒரு வாட் மீட்டரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்பது இதன் ஜனநாயகம். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

குறைகள் அலகிலேயே தொடங்குகின்றன. "பதினெட்டு மணி நேரம் ஓடியது" என்றால் எந்தக் கேமராவில், எந்த மோடில்? முன்னும் பின்னும் பதிவு செய்யும் இரட்டைக் கேமரா ஐந்து வாட் இழுக்கலாம். வைஃபையை அணைத்து, நொடிக்கு ஒரு படம் என்று டைம்லாப்ஸில் வைத்தால் இழுவை குறையும். அசைவு கண்டால் மட்டும் பதிவு செய்யும் மோடில் ஆள் நடமாட்டமுள்ள தெருவுக்கும் அடங்கிய தெருவுக்கும் வேறு வேறு விடை வரலாம். ஒருவருடைய பதினெட்டு மணி நேரம் இன்னொருவருக்குப் பன்னிரண்டாகிவிடும். வாட்-மணியில் சொன்னால் அவரவர் தம் கேமராவின் இழுவையால் வகுத்துக்கொள்வார்கள். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அந்த எண்ணைச் சொல்லாமல் மணிநேரத்தை மட்டும் தலைப்பாக்குவது, சமைத்துவிட்டுப் பரிமாற மறப்பது போன்றது.

இதைவிடப் பெரிய குறை, பேக்கை எப்போதும் நிரம்பிய நிலையிலிருந்து தொடங்குவது. மேஜைமேல் சார்ஜரை மாட்டிவிட்டு, விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்து தொடங்குகிறார்கள். காரில் அந்தச் சொகுசு கிடையாது. இன்ஜின் ஓடும் நேரத்தில் கிடைப்பதுதான் வரவு. மொட்டை மாடியில் 2,000 லிட்டர் தொட்டி வைத்திருக்கலாம். குழாயில் நாளுக்கு அரை மணி நேரம்தான் தண்ணீர் வருமென்றால், அந்த அரை மணியில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் வீட்டின் கணக்கு.

பி-124-ஐயே எடுத்துக்கொள்கிறேன். ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்தால் சுமார் 9 ஆம்பியரில் 40 நிமிடத்தில் நிரம்பும் என்றும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் 80 நிமிடம் ஆகும் என்றும் தயாரிப்பாளர் சொல்கிறார். சாக்கெட்டின் ஒயரும் ஃபியூஸும் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால் அங்கே மெதுவாக ஏற்றுகிறார்கள். இப்போது நாலு வாட் கேமரா ஒன்றை வைத்துக்கொள்வோம். மேஜைச் சோதனையில் இந்தப் பேக் 19 மணி நேரம் தாங்கும். எந்த வழியில் சார்ஜ் ஏறினாலும் அந்த எண் மாறாது. காலியான பேக்கோடு அலுவலகத்திலிருந்து அரை மணி ஓட்டி வீடு சேர்கிறவரின் கதை வேறு. நேரடி ஒயர் என்றால் ஏறக்குறைய 57 வாட்-மணி ஏறியிருக்கும், 14 மணி நேரத்துக்குப் போதும். சாக்கெட் என்றால் 29 வாட்-மணிதான், ஏழு மணி நேரம். இரவு ஏழுக்கு வண்டியை நிறுத்தினால் முதல் கேமரா காலை ஒன்பதுவரை விழித்திருக்கும், இரண்டாவது அதிகாலை இரண்டு மணிக்கு அணைந்துவிடும். இழப்புகளைக் கழிக்காத கணக்கு இது. கழித்தால் இன்னும் குறையும். பேக் ஒன்றுதான், கேமராவும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க ஒயரில் இருக்கிறது, அந்த ஒயரைத்தான் ஒப்பீடு பார்ப்பதில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. கூடுதல் பேட்டரியைக் கோத்துக் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் பட்டியலில் முதலிடம் கிடைக்கும். தினம் அரை மணி மட்டும் ஓட்டுகிறவருக்கு அதனால் ஒரு நிமிடம்கூடக் கூடாது. அவர் கேட்க வேண்டியது, அரை மணி நேர ஓட்டத்தில் எத்தனை வாட்-மணி ஏறும் என்பதை. அந்த ஓர் எண்ணை ஒவ்வொரு பேக்குக்கும் அளந்து வைத்தால், இப்போதைய தரவரிசைகள் பல தலைகீழாகும் என்று நினைக்கிறேன்.

புது கார்களில் இன்னொரு சிக்கல். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப வோல்ட்டேஜை ஏற்றி இறக்குகிறது. இறங்கும் வேளையில் சில பேக்குகள் இன்ஜின் நின்றுவிட்டதாக எண்ணிச் சார்ஜை நிறுத்தலாம். மேஜையில் சீரான 13.8 வோல்ட் கொடுத்துச் சோதித்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

வெயிலுக்கு வருகிறேன். இந்தப் பேக்குகளில் தரமானவை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களால் ஆனவை. 1997-இல் விஞ்ஞானி ஜான் குடினஃப் தன் டெக்சாஸ் ஆய்வகத்தில் நஞ்சுண்டசுவாமி, பாதி என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வேதியியல் இது. குடினஃபுக்கு லித்தியம் அயனி பேட்டரி வளர்ச்சிக்காக 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. பவர் பேங்குகளில் உள்ள செல்களைவிட இது சூட்டை நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். மூடிய காருக்குள் வைக்கும் பொருளுக்கு இந்தத் தேர்வு மிகச் சரி. அதனால் வேதியியல் வேறான பேக்குகளை மணிக்கணக்கு ஒன்றைக் கொண்டே வரிசைப்படுத்துவது எனக்கு உறுத்துகிறது. குளிர்நாடுகளில் சோதிப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே இது சார்ஜ் ஏற்காது என்பதைக் கவனமாகச் சொல்கிறார்கள். அது அவர்கள் ஊர்க் கவலை. நம் கவலை சித்திரையும் வைகாசியும்.

வெயிலில் நின்ற காரின் உள்ளே 60 டிகிரி எளிதாக வந்துவிடும். செல்லைக் காப்பதற்காக, சூடு ஒரு வரம்பைத் தாண்டினால் சார்ஜை நிறுத்தும்படி பல பேக்குகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் பேக் மிகவும் சூடாக இருப்பது எப்போது? பகல் முழுக்க வெயிலில் நின்ற வண்டியை நாம் கிளப்பும் அந்த நிமிடத்தில். அந்த நாளின் வரவு முழுக்க அடுத்த அரை மணியில்தான். ஏசி குளிர்ந்து, சீட்டுக்கு அடியிலிருக்கும் பேக் ஆறுவதற்குள் வீடே வந்துவிடலாம். சூடேறிய பேக்கை அளந்து பார்த்த ஒப்பீடு, குளிரறையில் மணிக்கணக்கு எண்ணிய பத்து ஒப்பீடுகளைவிட எனக்குப் பயன்படும்.

பேக் தேவைதானா என்பதையும் ஒப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நாலு வாட் கேமரா 12 மணி நேரத்தில் 48 வாட்-மணி எடுக்கும். காரின் பேட்டரியில் அது நாலு ஆம்பியர்-மணி, 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. கேமராவைக் காரின் பேட்டரியோடு இணைத்து, வோல்ட்டேஜ் 12.2-க்கு இறங்கினால் துண்டித்துவிடும் எளிய ஹார்ட்வயர் கிட் ஒன்றோடு, நல்ல நிலையிலுள்ள பேட்டரி ஓர் இரவைத் தாண்டிவிடும். தினமும் இழுத்துக்கொண்டே இருந்து, குறைந்த தூரமே ஓட்டி, பழைய பேட்டரியையும் வைத்திருப்பவருக்குத்தான் காலையில் வண்டி கிளம்பாது. பேக்கோ பல வேளைகளில் கேமராவின் விலையைத் தொடுகிறது. கிட்டையும் ஒரு போட்டியாளராக நிறுத்தாத ஒப்பீட்டில், ஏதாவது ஒரு பேக்கை வாங்கத்தான் வேண்டும் என்பது கேட்காமலே முடிவாகிவிடுகிறது.

பேக் தீரும் தருவாயும் கவனிக்கத் தக்கது. சில பேக்குகள் சுத்தமாகத் துண்டித்துக்கொள்ளும். சில தள்ளாடி, கேமராவை அணைத்து அணைத்து எழுப்பும். கடைசிக் கோப்பு கெடுவது அப்போதுதான். பேக்கின் மேலுள்ள சார்ஜ் விளக்குகளையும் நம்ப முடியாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் வோல்ட்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நின்று கடைசியில் திடீரென்று சரிவதால், வோல்ட்டேஜை மட்டும் பார்க்கும் விளக்கு பாதியையும் கால்வாசியையும் பிரித்துச் சொல்லத் திணறும். கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவர் இவை இரண்டையும் கூடுதல் செலவில்லாமல் குறித்துவைக்கலாம்.

பாதுகாப்பைச் சோதிக்கிறேன் என்று யாரும் வீட்டில் ஷார்ட் செய்து பார்க்க வேண்டாம். அது ஆய்வகத்தின் வேலை. வீட்டில் செய்பவர் உறையின் சூட்டைத் தெர்மோகப்பிளால் அளந்து சொன்னாலே பெரிய உதவி.

இவையெல்லாம் புதுப் பேக்கைப் பற்றிய பேச்சு. சோதனைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பேக்கை, வாங்கிய வாரத்தில் பார்த்தவை. சூடும், நிரம்பிய நிலையிலேயே கிடப்பதும் எந்த லித்தியம் செல்லையும் மெல்ல மெல்ல முதுமையாக்கும். அதே பேக்கை, அதே கேமராவோடு, அதே மோடில், இரண்டு கோடைகள் கழித்து மறுபடி ஓடவிட்டு, முதல் நாள் எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் கையில் இருக்கும் அந்த இரண்டு எண்களுக்காகப் பேக் வாங்குவதை இன்னும் தள்ளிப்போட்டிருக்கிறேன். அதுவரை என் கேமரா ஹார்ட்வயர் கிட்டில்தான் விழித்திருக்கிறது, 12.2 வோல்ட்டில் அணையும்படி.