களரியும் மேடையும்

ஓர் ஆட்டம் பிறந்த இடத்தின் அமைப்பே அதன் அடவுகளையும் நடையையும் பெரிதும் வகுக்கின்றது. அவ்வாட்டத்தைப் பிறிதோரிடத்துக்குப் பெயர்க்குங்கால் யாது நிகழும் என்பது ஆராயத்தக்கது. மூடிய மண்டபத்துக்கென எழுந்த மேனாட்டு இசைநாடகம், 1913ஆம் ஆண்டிலே இத்தாலியின் வெரோனா நகரத்து உரோமர் காலத் திறந்தவெளி அரங்குக்குச் சென்றது. வேர்டியின் 'அயிடா' அங்கு ஆடப்பெற்றது. ஈழத்திலோ இதற்கு நேர்மாறான பெயர்ச்சி நிகழ்ந்தது. திறந்தவெளியிற் பிறந்த தமிழ்க்கூத்து, ஒருபுறம் மாத்திரம் திறந்த படச்சட்ட மேடைக்குட் புகுந்தது. கூத்துக்கு வழக்கமல்லாத அரங்கு யாதெனின், அம்மேடையே.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாப் பக்கத்துக் கட்டைபறிச்சான், சேனையூர் முதலிய ஊர்களும் தம்பலகாமமும் மட்டக்களப்பைப் போன்று கூத்து மரபுடையன. அம்மரபின் ஆடுகளம் வட்டக்களரியாகும். மண்ணை வட்டமாகச் சிறிது உயர்த்தி, மேலே வெள்ளை கட்டி, விளக்கேற்றி, நாற்புறமும் ஊரார் சூழ்ந்திருக்க விடியுமட்டும் ஆடுவர். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரியிலேயே நிற்பர். கூத்தர் சுற்றிச் சுழன்று எல்லாத் திசையினர்க்கும் ஆடிக்காட்டுவர். ஆதலின், களரிக்கு முன்புறமென்றும் பின்புறமென்றும் வேறுபாடில்லை.

1956இல் சரச்சந்திரர் 'மனமே' வாயிலாகச் சிங்கள நாடகத்துக்கு மரபுவழிப் புதுநெறி காட்டினார். அவர் தழுவிய 'நாடகம' வடிவம் தமிழ்க்கூத்தின் வழிவந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1967) ஆகியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கினார்; பாத்திரங்களின் உள்ளப் போராட்டத்துக்கு இடமளித்தார்; ஒளியமைப்பையும் பயன்படுத்தினார். கூத்தை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிய கற்றோர், அதனைத் தமிழரின் தேசியக் கலையென மதிக்கத் தொடங்கினர். இப்பெரும்பயனை எவரும் மறுத்தற்கில்லை.

ஆயினும், பெற்றதற்கு ஈடாக இழந்தனவும் உள. வட்டமாகச் சுழன்ற ஆட்டம் முன்னோக்கிய ஆட்டமாயிற்று. அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். எதிரே இருந்தோரின் முகங்களையும் ஒருங்கே கண்டு களித்த ஊரார், இருளில் அமர்ந்து ஒரு திசை நோக்கும் பார்வையாளராயினர். இவை சிறு மாற்றங்கள் அல்ல; கூத்து எவருடைய உடைமை என்னும் வினாவைத் தொடுவன.

படச்சட்ட மேடை மேனாட்டு வரவாதலின் தமிழுக்கு ஒவ்வாதென்று சிலர் கூறுவர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கினையும் மூவகை எழினிகளையும் சிலப்பதிகார அரங்கேற்று காதை வகுத்துரைக்கின்றது. வேந்தர்க்காடுவது வேத்தியல் என்றும் ஏனையோர்க்காடுவது பொதுவியல் என்றும் கூத்து இருவகைப்பட்டதைப் பழையோர் அறிந்திருந்தனர். இரண்டும் ஒருங்கே வாழ்ந்தன. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

ஆகவே, குறை மேடையில் இல்லை. மேடை ஒன்றே போதுமென்னும் எண்ணத்திலேயே உள்ளது. வித்தியானந்தன் களரியை நன்கறிந்து, ஒரு நோக்கம் கருதியே மேடையைத் தெரிந்தார். பின்வந்தோர் பலர்க்கு அத்தெரிவு வெறும் வழக்கமாயிற்று. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளிலே சில நிமிடக் கூத்தாடும் மாணவர் பலர், வட்டக்களரியைக் கண்ணாலும் கண்டதில்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராருடன் கூடி நடைபெற்ற கூத்து மீளுருவாக்க முயற்சி, கூத்தை அதன் சமூகத்தோடு மீண்டும் இணைக்க முனைந்தது. அவ்வழி திருகோணமலைக்கும் ஏற்றதே. துறைமுக நகரின் கல்லூரிகளில் மண்டபங்களோடு முற்றங்களும் உள. ஆண்டுக்கொருமுறையேனும் அம்முற்றத்தில் வட்டமாக மண்ணிட்டு, கட்டைபறிச்சானிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ஓர் அண்ணாவியாரை அழைத்து நடுவே நிறுத்துதல் அரிதன்று. களரியில் ஆடிப் பயின்ற மாணவனே, மேடையேறும்போது தான் எதனை விட்டுவந்தான் என்பதை அறிவான்.