முதுமையில் ஏந்திய எழுதுகோல்

பணி ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என் இல்லத்திற்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓய்வுக்குப் பின்னரே எழுதத் தொடங்கியவர். எண்பது பக்கங்களில் ஒழுக்கம், ஒற்றுமை, மொழிப்பற்று, காலத்தின் அருமை என்று தலைப்பிட்டுப் பாக்கள் புனைந்திருந்தார். யாப்பு வழுவில்லை, எதுகை தப்பவில்லை. நூலாக்கப் போவதாகவும் அணிந்துரை வேண்டுமென்றும் கேட்டார். படித்து முடித்தபோது, இவற்றை இருபது வயது இளைஞன் எழுதியிருந்தாலும் ஒரு சொல்கூட மாறியிராது என்றே எனக்குப் பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததற்கு அந்த நோட்டில் ஓர் அடையாளமும் இல்லை.

இஃது அவர் ஒருவருடைய குறையன்று. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்ந்தபின் பேனா எடுப்பவர்களிடம் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னே நின்றே பழகிவிட்டோம். எழுத உட்கார்ந்தாலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம் என்கிறோம். வாசகர் எதிரே கைகட்டி அமர்ந்திருக்கும் பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

இதற்கு மாறான ஒரு நூலை எடுத்துப் பார்ப்போம். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, 1940-ஆம் ஆண்டு சனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. ஐயர் பிறந்தது 1855-இல். ஆகவே வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. அவர் முன்னரே எழுதியவர்தாமே, முதுமையில் எழுதத் தொடங்கியவர் என்பது எவ்வாறு பொருந்தும் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அவர் பெயர் தாங்கி வந்தவை பெரும்பாலும் பிறர் நூல்கள். முகவுரையும் குறிப்புரையும் அவருடையவை. பொதுமக்கள் படித்து மகிழும் சொந்த உரைநடைக்கு அவர் முழுமையாகத் திரும்பியது எழுபதைக் கடந்த பிறகே. அதிலும் முதலில் தம்மைப் பற்றி எழுதவில்லை. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். தம் கதை அதற்குப் பின்னர்தான்.

அந்த வரிசைதான் நூலின் தன்மையையும் முடிவு செய்தது என்பது என் துணிபு. ‘என் சரித்திரம்’ என்று பெயரிட்டிருந்தும், முற்பகுதியில் நாம் காண்பது ஐயரையன்று. சங்கீதத்தால் குடும்பம் நடத்திய தந்தையாரையும், பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசானைத் தேடிக் குடும்பமே ஊர் ஊராக இடம் பெயர்வதையும், கடைசியில் மாயூரத்தில் பிள்ளையவர்களையும் காண்கிறோம். அவ்வளவு பெரிய கவிஞர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க விரும்பிய நாளில் எண்ணெய் கிடைக்காமற் போனதை ஐயர் சொல்கிறார். புலவர் வறுமையைப் பற்றி நம் மேடைகளில் மணிக்கணக்கில் பேசுகிறோம்; எனக்கோ அந்த எண்ணெய்தான் நினைவில் நிற்கிறது.

நூலின் உயிர்நிலை என்று நான் கருதும் இடம் வேறொன்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஐயர் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்க அடுக்க, முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. அவர் கேட்டது சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும். இருபத்தைந்து வயது ஆசிரியரிடம் விடையில்லை. பிறகு சிந்தாமணியைப் பாடம் சொல்லத் தொடங்கியபோது, அதன் சமயக் கருத்து விளங்காமல் தடுமாறியதையும், கும்பகோணத்துச் சைனர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்ததையும் அவர் ஒளிக்கவில்லை.

இதை எழுதுபவர் யார்? அந்தச் சிந்தாமணியையே அச்சேற்றி, நாடே தமிழ்த் தாத்தா என்று போற்றும் நிலையை அடைந்தவர். அந்த உயரத்தில் நின்றுகொண்டு இளமைத் தடுமாற்றத்தைக் கண்டு நகைக்கவும் அவருக்கு இடமுண்டு. அதிலிருந்து ஓர் அறிவுரை பிழியவும் இடமுண்டு. இரண்டையும் விடுத்து, தெரியாதவனாகவே மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்கிறார். பாட பேதங்களோடு அரை நூற்றாண்டு போராடியவருக்கு, உள்ளதை உள்ளபடி வைக்கும் பழக்கம் கையோடு வந்திருக்க வேண்டும். பிள்ளையவர்கள் பாடல்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய கை அது. முதுமையில் இச்சரித்திரத்தை எழுதும் வேளையில் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார்.

நூல் குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. உதவிய பிரபுக்களையும் மடாதிபதிகளையும் பாராட்டும் பக்கங்கள் பெருகி, ஒருவரைப் போலவே மற்றவரும் தோன்றுகிறார்கள். மனையாளைப் பற்றித் திருமணத்திற்குப் பின் அருகியே கேட்கிறோம். பதிப்பு வரலாறு தொடங்கியதும், கற்பவர்க்கு அது பொன்னே எனினும், முற்பகுதியின் ஈரம் குறைந்துவிடுகிறது. 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்தார். 122 அத்தியாயங்களோடு, மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய நாட்களில் கதை நின்றுபோயிற்று. 1950-இல் நூலாயிற்று.

நிற்க. நம் நண்பரிடம் வருகிறேன். பட்டணத்தில் வளர்ந்த அவர், முதன்முதல் தோட்டப் பள்ளிக்கு வந்த நாளைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சொன்னதுண்டு. பாடத்திற்காகப் பலகையில் ஒரு ரப்பர் மரம் வரைந்து, வெட்டுக் கோட்டை வலப்புறம் மேலாகவும் இடப்புறம் கீழாகவும் இழுத்திருக்கிறார். பால்வெட்டுக்காரர் மகள், மூன்றாம் வகுப்புச் சிறுமி, எழுந்து வந்து அதை அழித்து, இடமிருந்து வலமாகக் கீழிறங்கும்படி திருத்தி, கோட்டின் கீழ்முனையில் ஒரு மங்கும் வரைந்துவிட்டுப் போய் உட்கார்ந்தாளாம். எதிர்த்திசையில் வெட்டினால் பால்நாளங்கள் குறைவாகவே அறுபடும், பாலும் குறையும் என்பதை அவர் அன்று மாலை ஒரு கங்காணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயமும் இல்லை, பிரட்டுக்களமும் இல்லை. அந்தப் பலகைக் கதை எண்பது பக்கங்களில் எங்கும் இல்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, இதை எழுதுங்களேன் என்றேன்.

“அதை எழுதினால் என் பழைய பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், தம்பி?” என்றார்.

‘என் சரித்திரம்’ நூலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அணிந்துரையை இன்னும் எழுதவில்லை.