முல்லைத் திணையும் ‘மாட்டிடையன்’ அச்சோவியமும்

உரோமில் வாழ்ந்து 1682இல் மறைந்த பரோக் கால ஓவியர் குளோத் லொரேன், 1636இல் ஆக்கிய ‘மாட்டிடையன்’ ஏறத்தாழ 13 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் உடைய சிறு அச்சோவியமாகும். மெழுகுப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்து, மையேற்றித் தாளில் பதிக்கும் முறையில் இது அமைந்தது. மரத்தடியில் இடையன் குழலூதுகிறான். ஆனிரை நீரைக் கடக்கிறது. தொலைவில் கோடுகள் மெலிய, வெறுந்தாளே ஒளியாகிறது.

மரச்செறிவும் சாயும் ஒளியும் ஆனிரையும் குழலும் கண்டோர் இதனை முல்லை ஓவியம் எனத் துணிதல் இயல்பு. முதற்பொருளும் கருப்பொருளும் அதற்கு இடந்தருகின்றன, உரிப்பொருள் இடந்தரவில்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். சங்க முல்லைப் பாடல்களில் மாலைக் குழலோசை, தலைவன் வரவை நோக்கியிருக்கும் தலைவியின் துயரை மிகுவிக்கிறது. கேட்பவளாலேயே அவ்வோசை பொருள் பெறுகிறது. லொரேனின் இடையனோ தனக்கே ஊதுகிறான். அவனுக்காகக் காத்திருப்பவர் படத்தில் எவருமிலர். ஓவியத்தின் மாலை நிறைவின் பொழுது. முல்லையின் மாலை ஆற்றியிருத்தலின் பொழுது.

உரிப்பொருள் ஒழிந்த பிற பொருள்கள் திணைகளிடையே கலத்தலைத் தொல்காப்பியம் ஏற்கிறது. எனவே, ஐரோப்பிய ஆயர் மரபை முல்லையோடு ஒப்பிடுவோர் நிலத்தின் ஒற்றுமையோடு அமையாது, உரிப்பொருளின் வேற்றுமையையும் ஆராய்தல் வேண்டும்.